துட்டு என்றால் எத்தனை காசு? (கொள்ளுத் தாத்தா கணக்குநோட்டில் ஒரு புதிர்)

கணக்குநோட்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஊரில் பழைய வீட்டை இடிக்கும்போது பரண் மேல் ஒரு தகரப்பெட்டி கிடைத்தது. உள்ளே கரையான் பாதி தின்ற ஒரு கணக்குநோட்டு. என் அப்பாவின் தாத்தா எழுதியது. முதல் பக்கத்தில் 'கொல்லம் 1087 ஆவணி' என்று இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் அப்போது கொல்லம் ஆண்டுதான் போடுவார்கள், அதனால் இது 1911 என்று கணக்கிட்டுக்கொண்டேன்.

என் சந்தேகம் ஆண்டைப் பற்றியது அல்ல. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி: 'ரூ', 'அ', 'து'. ரூபாய் தெரியும், அணா தெரியும். மூன்றாவது 'து' என்ன? இரண்டு இடத்தில் முழுதாகவே 'துட்டு' என்று எழுதியிருக்கிறார். எனக்குத் தெரிந்து துட்டு என்றால் பொதுவாகப் பணம். அதையும் கொஞ்சம் மட்டமான பேச்சாகத்தான் வீட்டில் சொல்லித் தந்தார்கள். 'துட்டு துட்டு என்று பேசாதே, காசு என்று சொல்' என்று அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். கோயில் கணக்கையெல்லாம் பார்த்த மனிதர் தன் கணக்குநோட்டில் கொச்சை வார்த்தையைப் பத்தித் தலைப்பாகவா போட்டிருப்பார்?

செப்புக்காசு எழுதியது:

அது கொச்சை அல்ல, அளவு. துட்டு என்பது முதலில் ஒரு செப்பு நாணயத்தின் பெயர். பணம் என்ற பொதுப்பொருள் அப்புறம் வந்தது. ஒரு பக்கத்தை அப்படியே இங்கே போடுங்கள், எத்தனை துட்டு ஓர் அணா என்று கணக்கே சொல்லிவிடும். அதற்கு முன் ஒரு கேள்வி: 'து' பத்தியில் நீங்கள் பார்த்த மிகப் பெரிய எண் எது?

கணக்குநோட்டு எழுதியது:

இப்போதுதான் கவனிக்கிறேன். 1 இருக்கிறது, 2 இருக்கிறது, இல்லாவிட்டால் ஒரு கோடு. 3 எங்குமே இல்லை! நாற்பது பக்கம் புரட்டிவிட்டேன்.

இதோ ஒரு பக்கம்:

வெற்றிலை பாக்கு — து 2
விளக்கெண்ணெய் — அ 2 து 1
உப்பு — து 1
கருப்பட்டி — அ 3 து 2
வண்டிக்கூலி — அ 6
வேட்டி — அ 10 து 2
ஆக — ரூ 1 அ 7 து 2

செப்புக்காசு எழுதியது:

பிறகென்ன, விடை கையிலேயே இருக்கிறது. துட்டை மட்டும் கூட்டுங்கள்: 2, 1, 1, 2, 2. மொத்தம் 8. நாலு துட்டு ஓர் அணா என்றால் 8 துட்டு சரியாக இரண்டு அணா ஆகிவிடும், கடைசிப் பத்தியில் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் அவர் 2 மிச்சம் காட்டுகிறார். மூன்று துட்டு ஓர் அணா என்று வைத்துப் பாருங்கள். 8 துட்டு என்பது இரண்டு அணா, மிச்சம் 2 துட்டு. அணாக்கள் 21, அதோடு இந்த 2, ஆக 23. பதினாறு அணா போனால் ஒரு ரூபாய் ஏழணா. ரூ 1 அ 7 து 2. உங்கள் கொள்ளுத் தாத்தா கணக்கில் புலி.

ஆக ஒரு ரூபாய்க்கு 48 துட்டு. அந்தக் காலத்தில் ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு தம்படி, அதனால் ஒரு துட்டு என்பது நாலு தம்படி.

பொருநை எழுதியது:

மூணு துட்டு ஓரணா. என் ஆச்சி வாய்ப்பாடு மாதிரி சொல்வாள். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, நான் பிறந்தபோதே அணாவுக்கு ஆயுசு முடியப் போகிற நேரம். ஆனாலும் ஆச்சி கடைசிவரை துட்டில்தான் பேசினாள். 'ரெண்டு துட்டுக்குப் புளி வாங்கிட்டு வா' என்பாள். கடைக்காரருக்கும் அது புரியும். நான் கொண்டுபோனது நயா பைசா, வாங்கி வந்தது துட்டுக் கணக்குப் புளி.

1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று மாற்றினார்கள். 1964-இல் 'நயா'வை எடுத்துவிட்டார்கள். ஆச்சி இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை.

கணக்குநோட்டு எழுதியது:

அப்படியானால் 1911-இல் துட்டு என்று ஒரு நாணயம் கையில் புழங்கியதா?

செப்புக்காசு எழுதியது:

இல்லை, அதுதான் சுவாரசியம். அப்போது அரசாங்கம் வெளியிட்ட செப்பு, வெண்கலக் காசுகள் தம்படி (அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு), அரைப் பைசா, காலணா. காலணா என்றால் மூன்று தம்படி. நாலு தம்படிக்கு ஒரே காசாக எதுவும் இல்லை. துட்டு ஒன்று கொடுக்க வேண்டும் என்றால் ஒரு காலணாவும் ஒரு தம்படியும் சேர்த்துத்தான் கொடுத்திருப்பார்கள். காசு செத்துவிட்டது, கணக்கு மட்டும் உயிரோடு இருந்திருக்கிறது. சிரிக்க வேண்டாம், நாமும் அப்படித்தான். அணா ஒழிந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் ஐம்பது பைசாவை எட்டணா என்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்தச் செத்துப்போன காசு எது என்று கேட்டால், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை நாணயங்களைப் பார்க்க வேண்டும். கம்பெனி காலத்துச் சென்னைக் கணக்கு இது: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்றால் ஒரு ரூபாய்க்கு 12 பணம், அதாவது 960 காசு. இருபது காசு நாணயம் ஒன்று இருந்தது. 960-ஐ இருபதால் வகுத்துப் பாருங்கள்.

கணக்குநோட்டு எழுதியது:

48!

செப்புக்காசு எழுதியது:

அதேதான். 1794-லும் 1797-லும் வந்த சில செப்புக் காசுகளில் 'நாற்பத்தெட்டு சேர்ந்தால் ஒரு ரூபாய்' என்று ஆங்கிலத்தில் பொறித்தே இருக்கும். பிறகு 1803-லும் 1808-லும் இங்கிலாந்தில் நீராவி எந்திரத்தில் அடித்து அனுப்பிய இருபது காசு நாணயங்கள் வந்தன. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. இதில் ஒரு துணைக்கதை உண்டு. 1808 தேதியிட்ட இந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் முக்குளித்து எடுத்தார்கள். இன்று உலகம் முழுக்க நாணயம் சேகரிப்பவர்களிடம் இருக்கும் பளபளப்பான சென்னைக் காசுகளில் பெரும்பாலானவை சென்னையைப் பார்க்காதவை. என்னிடமும் ஒன்று உண்டு.

ஒரு எச்சரிக்கை. துட்டின் மதிப்பு எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. திருநெல்வேலிக் கணக்கை வைத்துக்கொண்டு புதுச்சேரிக் காசுக்கு விலை போடாதீர்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு சின்னச் செப்புக்காசு வெளியிட்டார்கள். ஒரு பக்கம் அவர்களுடைய அல்லிப்பூ, மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி'. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தூதூ'. நம் துட்டைத்தான் அப்படி உச்சரித்திருக்கிறார்கள்.

வடசென்னைவாசி எழுதியது:

நல்ல தகவல், ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கேள்வி கேட்டவர் 'கொஞ்சம் மட்டமான பேச்சு' என்று எழுதியதைப் பார்த்ததும் சுருக்கென்றது. எங்கள் தெருவில் துட்டு என்பது பணத்தின் பெயர், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் கட்டுரையில் 'என் அப்பா துட்டு சம்பாதிக்க வேலைக்குப் போகிறார்' என்று எழுதினேன். சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் 'பணம்' என்று எழுதித் தந்தார்கள். அப்பா சம்பாதித்தது என்னவோ அதே தொகைதான்.

பணம் என்றால் மரியாதை, துட்டு என்றால் கேவலம் என்று யார் முடிவு செய்தது?

யாப்பன் எழுதியது:

தம்பி, யாரும் முடிவு செய்யவில்லை, உலோகம் முடிவு செய்தது என்பது என் கட்சி. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பணம் என்பதும் ஒரு நாணயத்தின் பெயர்தான். 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்ற பழமொழியில் பணத்துக்குச் செல்வம் என்று பொருள் கொண்டால் 'கால் செல்வம், முக்கால் செல்வம்' என்று உளறலாகும். அங்கே பணம் என்பது எண்ணக்கூடிய ஒரு காசு. காசு என்பதும் அப்படித்தான். சோழர் கல்வெட்டுகளில் ஈழக்காசு வருகிறது. வெள்ளைக்காரர்கள் நம் சின்னச் செப்புக்காசை 'கேஷ்' என்று எழுதியதும் இந்தக் காசைத்தான். (பெட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த ஆங்கில 'கேஷ்' வேறு. இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டது தற்செயல்.)

ஆக மூன்றுமே காசுப் பெயர்கள், மூன்றுமே பொதுப்பெயர் ஆனவை. ஆனால் பணம் பொன்னிலும் வெள்ளியிலும் அடிக்கப்பட்டது. காசு என்ற சொல் பொற்காசுக்கும் ஆகும், செப்புக்காசுக்கும் ஆகும். துட்டு மட்டும் பிறந்ததிலிருந்து செம்பு. உப்பும் வெற்றிலையும் வாங்கிய கை அது. நிலம் வாங்கியதோ சீர் வைத்ததோ துட்டில் நடக்கவில்லை. அதனால்தான் காசுமாலை உண்டு, துட்டுமாலை என்று எந்த ஆசாரியும் செய்ததில்லை.

வடசென்னைவாசி எழுதியது:

துட்டுமாலை! சிரித்துவிட்டேன். சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செம்பு மட்டும் காரணம் என்றால் 'பைசா'வும் கொச்சையாகி இருக்க வேண்டுமே? அது அரசாங்கச் சொல்லாக உட்கார்ந்திருக்கிறது.

யாப்பன் எழுதியது:

நியாயமான அடி. பைசாவுக்கு அரசாங்கம் துணை நின்றது, காசில் அச்சடித்துக் கொடுத்தது. துட்டுக்கு நாணயமும் போய், அச்சில் பெயரும் இல்லாமல் போய், தெருவில்தான் நிற்க வேண்டியதாயிற்று. இதையும் என் கட்சியோடு சேர்த்துக்கொள்கிறேன்.

எல்லைக்கோடு எழுதியது:

ஓசூரில் இருக்கிறேன். தினமும் மூன்று மொழி காதில் விழும். இந்த மட்டம், உயர்வு என்பதெல்லாம் தமிழ்ப் பக்கத்துச் சிக்கல். கன்னடத்தில் 'துட்டு' (நம் 'துட்டு' மாதிரி வல்லினமாக அல்ல, த, ட இரண்டும் மெலிந்து ஒலிக்கும்) என்பதுதான் பணத்துக்கு அன்றாடச் சொல். பேராசிரியரும் சொல்வார், காய்கறிக்காரரும் சொல்வார். ராயலசீமைத் தெலுங்கிலும் அந்தச் சொல் உண்டு. மற்றத் தெலுங்கர்களுக்கு 'டப்பு'. டப்பும் பழைய செப்புக்காசுப் பெயர்தான். தெலுங்கில் மரியாதையாக உட்கார்ந்திருக்கும் அந்த டப்பு தமிழுக்கு வந்தால் 'டப்பு இருக்கா மாமே' ஆகிவிடுகிறது. சொல்லில் ஒன்றும் இல்லை, எந்த வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தது என்பதில்தான் இருக்கிறது.

பாடுமீன் எழுதியது:

மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறன். எங்கட பக்கம் பணத்துக்குச் 'சல்லி' என்று சொல்லுவம். சிங்களத்திலையும் சல்லி என்றால் பணம்தான். உங்கட ஆட்கள் 'சல்லிக்காசு பெறாது' என்று சொல்லுறதை முதல்முறை கேட்டபோது எனக்கு விளங்கவே இல்லை. எங்களுக்குச் சல்லி என்றால் எல்லாம், உங்களுக்குச் சல்லி என்றால் ஒன்றுமில்லை.

துட்டு விஷயத்தில் இது அப்படியே தலைகீழ். சிங்களத்தில் 'துட்டுவ' என்று இருக்கு. 'துட்டு தெக', அதாவது ரெண்டு துட்டு என்றால் ஒன்றுக்கும் உதவாத, மலிந்த சாமான் என்று அர்த்தம். ஆளுக்கும் சொல்லுவினம், சாமானுக்கும் சொல்லுவினம். உங்கட பணம் எங்களுக்கு அற்பம், எங்கட பணம் உங்களுக்கு அற்பம்.

இந்தச் சொல் ஒல்லாந்தர் கொண்டுவந்தது என்றுதான் இங்கே சொல்லுவினம். அவர்கள் 1796 வரை கரையோரத்தை ஆண்டவர்கள்தானே.

கணக்குநோட்டு எழுதியது:

ஒல்லாந்தர் என்றால் டச்சுக்காரர்களா? துட்டு டச்சுச் சொல்லா?

செப்புக்காசு எழுதியது:

பரவலாகச் சொல்லப்படுவது அதுதான். ஹாலந்தில் 'டொய்ட்' என்று ஒரு சின்னச் செப்புக்காசு இருந்தது. எட்டு டொய்ட் ஒரு ஸ்டைவர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1726 முதல் கீழை நாடுகளுக்கென்றே தன் முத்திரையோடு டொய்ட் அடித்து அனுப்பியது. கம்பெனியின் டச்சுப் பெயரின் முதலெழுத்துகளான வி, ஓ, சி மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கும், கீழே ஆண்டு. நாணயச் சந்தையில் இன்றும் மலிவாகக் கிடைக்கிற காசு அது.

நம் கரையில் அவர்கள் இருந்த காலத்தைப் பாருங்கள். பழவேற்காட்டில் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டார்கள், 1613-இல் கோட்டையும் கட்டினார்கள். நாகப்பட்டினத்தை 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். தூத்துக்குடியும் அதே வருஷம். 1781-இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. நூறு வருஷத்துக்கு மேல் துணியும் முத்தும் வாங்கிக் காசு இறைத்திருக்கிறார்கள். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் அவர்களுடைய நாணயச் சாலையே இருந்தது.

பினாங்குக்காரன் எழுதியது:

டச்சு கட்சிக்கு என் ஓட்டு. மலாயில் பணத்துக்கு எழுத்து மொழியில் 'வாங்', பேச்சில் 'டூயிட்'. பெருநாளைக்குப் பிள்ளைகளுக்கு உறையில் வைத்துக் கொடுப்பது 'டூயிட் ராயா'. இந்தோனேசியாவில் பணப் பேயை 'மாத்தா டூயிட்டான்' என்பார்கள். கண்ணெல்லாம் துட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே டச்சுக்காரர்கள் ஆண்டதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒரே கப்பல், இரண்டு துறைமுகம்.

ஆனால் பாருங்கள், இங்குள்ள தமிழர்கள் துட்டு என்று அதிகம் சொல்வதில்லை. ரிங்கிட்டுக்கு 'வெள்ளி', சில்லறைக்குக் 'காசு'. 'பத்து வெள்ளி ஐம்பது காசு' என்றால் கோலாலம்பூரில் எந்தத் தமிழருக்கும் புரியும். நீங்கள் காசுக்குப் பணம் என்ற பொருளைக் கொடுத்துவிட்டீர்கள், நாங்கள் அதை இன்னும் நாணயமாகவே வைத்திருக்கிறோம்.

எல்லைக்கோடு எழுதியது:

டச்சுக் கட்சி அவசரப்படுகிறது. கடற்கரைக்குச் சரி. ஆனால் கன்னட நாட்டின் உள்ளே, டச்சுக் கப்பல் கனவில்கூட வராத ஊர்களிலும் இதுதானே சொல்? இன்னொன்று, ஒலி. டச்சில் கடைசியில் வருவது வல்லின 'ட்'. கன்னடர்கள் அந்த மாதிரிச் சொல்லைக் கடன் வாங்கினால் வல்லினமாகவே வைத்துக்கொள்வார்கள், நோட் என்பதை 'நோட்டு' என்பதுபோல. இங்கே மட்டும் ஏன் மெலிந்தது? கன்னடத்தில் மெலிந்து இரட்டிக்கும் 'ட' பல சொற்களில் தமிழின் 'ட்ட'வுக்கு இணையாக வரும். கன்னடம் முதலில், தமிழ் பிறகு, டச்சு ஒலி ஒற்றுமை தற்செயல் என்றும் வாதிடலாமே.

யாப்பன் எழுதியது:

தமிழ்ப் பக்கத்திலிருந்து பார்த்தால் டச்சுக் கட்சிக்கு ஒரு சாட்சி உண்டு. 'ட்' ஒலியில் முடியும் மேல்நாட்டுச் சொல்லை நாம் என்ன செய்கிறோம்? நோட்டு, கோட்டு, ஓட்டு. இரட்டித்து உகரம் போடுகிறோம். டொய்ட் அதே சாலையில் வந்தால் துட்டுதான்.

இரண்டாவது சாட்சி, முதல் எழுத்து. சென்னையில் பலர் சொல்லும் துட்டில் வருவது 'தந்தை'யின் த இல்லை, 'தர்ம'த்தின் த. மெல்லியது. தமிழ்ச் சொல் அப்படித் தொடங்காது, வந்தேறிச் சொல்தான் தொடங்கும்.

எல்லைக்கோடு எழுதியது:

இரண்டாவது சாட்சி எனக்கும் சாட்சி. கன்னடத்திலிருந்து வந்தாலும் அதே மெல்லிய ஒலிதான் இருக்கும்.

யாப்பன் எழுதியது:

அட, ஆமாம். சாட்சி பிறழ்ந்துவிட்டது. இருந்தாலும் கொழும்பிலிருந்து ஜகார்த்தா வரை ஒரே சொல் செப்புக்காசுக்கு வழங்குவதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. செப்புக்காசு உள்நாட்டுக்கும் போகும், வியாபாரி மூட்டையில் கட்டிக்கொண்டு போக அதற்குத் துறைமுகம் வேண்டியதில்லை.

குமரிக்காற்று எழுதியது:

தாமதமாக வந்தேன். எங்கள் பக்கத்துக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது. அங்கே 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். எங்கள் தாத்தா தலைமுறைக்குப் பணம் என்றால் சக்கரம். 'கையில சக்கரம் இல்ல' என்றால் காலி என்று அர்த்தம்.

வெள்ளிச் சக்கரம் மிளகளவுக்கு இருக்கும். எண்ணுவது பெரும்பாடு. அதற்கென்று ஒரு பலகை உண்டு, வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். காசை மேலே கொட்டி லேசாக ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்காரும், மிச்சத்தை வழித்துவிட்டால் எண்ணிக்கை தயார். கஜானாவிலும் கோயில்களிலும் வைத்திருந்தார்கள்.

மலையாளத்தில் துட்டு இன்னும் காசாகவே இருக்கிறது. 'நாணயத்துட்டு' என்றால் நாணயம். நோட்டுக்குச் சொல்ல மாட்டார்கள்.

வடசென்னைவாசி எழுதியது:

வேர் சண்டையை நீங்கள் போடுங்கள். நான் புழக்கத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், இதை அகராதியில் பார்க்க முடியாது. துட்டு என்ற சொல் மரியாதை விகுதியோடு ஒட்டாது. 'அதிகாரி பணம் கேட்டார்' என்று சொல்லலாம். 'அதிகாரி துட்டு கேட்டார்' என்றால் காது கூசும், அல்லது நக்கல் என்று தெரிந்துவிடும். 'துட்டு கேட்டான்' என்றால்தான் வாக்கியம் நேராக நிற்கிறது. அதனால்தான் லஞ்சத்துக்கும் ஓட்டுக்கும் கொடுப்பதைப் பேசும்போது எல்லோர் வாயிலும் துட்டு வந்துவிடுகிறது. செய்தித்தாளில் 'வாக்காளர்களுக்குப் பணம்', டீக்கடையில் 'ஓட்டுக்குத் துட்டு'. ஓசையும் சேர்ந்துகொள்கிறது.

இன்னொன்று. இப்போது துட்டை எண்ண முடியாது. 'எவ்வளவு துட்டு' சரி. 'நூறு துட்டு' என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் 'நாலு காசு பார்க்கணும்' என்கிறோம். காசுக்கு எண் இன்னும் ஒட்டுகிறது, துட்டிலிருந்து உதிர்ந்துவிட்டது.

பொருநை எழுதியது:

நல்ல கவனிப்பு. என் ஆச்சியின் 'ரெண்டு துட்டு' அதனால்தான் இன்றைக்குப் பேரப்பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கிறது. ரெண்டு தண்ணீர் என்று சொன்ன மாதிரி.

ஓட்டைக் காலணா யாருக்காவது நினைவிருக்கிறதா? யுத்த காலத்தில் செம்பு மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு 1943 முதல் அடித்தார்கள். ஆச்சி அதை அரைஞாண் கயிற்றில் கோத்து எனக்குக் கட்டியிருக்கிறாள். துட்டுமாலை இல்லை என்றீர்களே யாப்பன், நான் கிட்டத்தட்டப் போட்டிருக்கிறேன்.

யாப்பன் எழுதியது:

இடுப்பில் கட்டியதை மாலைக் கணக்கில் சேர்க்க முடியாது ஐயா. அதுவும் அது காலணா.

போகட்டும், வடசென்னைத் தம்பிக்கு ஒரு பரிசு தருகிறேன். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாகத்தான் முடிய வேண்டும். துட்டு என்ற சொல்லை அலகிட்டுப் பாருங்கள். துட் என்பது நேர், டு குற்றியலுகரம். வாய்பாடு: காசு. ஆக இலக்கணப்படி துட்டு காசுதான். அடுத்த முறை யாராவது சிவப்பு மையில் வட்டம் போட்டால் இதைச் சொல்லுங்கள்.

வடசென்னைவாசி எழுதியது:

முப்பது வருஷம் தாமதம். இருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

கணக்குநோட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு முழுக்க உட்கார்ந்து, மூன்று துட்டு ஓரணா என்று வைத்து நாற்பது பக்கத்தையும் கூட்டினேன். ஒரே ஒரு பக்கம் தவிர எல்லாம் சரி. அந்தப் பக்கத்தில் என் கூட்டல் ரூ 2 அ 4 து 2. அவர் எழுதியிருப்பது ரூ 2 அ 4 து 1.

வாய்ப்பாடு தவறோ என்று பயந்து மறுபடி மறுபடி கூட்டினேன். அப்புறம் விளக்கை ஓரத்தில் பிடித்துப் பார்த்தபோது விளிம்பில் பொடி எழுத்தில் ஒரு வரி தெரிந்தது: 'துட்டு 1 தம்பி வசம்.'

அந்தத் தம்பி வீட்டு வழியில் எனக்கு ஒரு அண்ணன் முறை வேண்டும், கோயம்புத்தூரில் இருக்கிறார். காலையில் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். ரூபாயில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு, இன்றைய கணக்கில் இரண்டு பைசாவும் கொஞ்சமும். வட்டி வேண்டாம், அசல் மட்டும் போதும் என்றேன். 'இருபத்தைந்து பைசாவரை எல்லாவற்றையும் 2011-லேயே செல்லாது என்று எடுத்துவிட்டார்களே, நான் எங்கே போய் ரெண்டு பைசா மாற்றுவது' என்கிறார். கடன் அப்படியே நிற்கிறது.